வேலியோரத்துக் காந்தள்: ஒரு கொடியை அடையாளங் கண்ட வரலாறு

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கும் பணி நம்முடையது. சென்ற ஆண்டு மாரிமழை தொடங்கியபோது பாடசாலைத் தோட்டத்தின் வேலியோரத்தில் ஒரு கொடி முளைத்தது. அதனை நட்டவர் எவருமிலர். முந்திய கோடை முழுவதும் அவ்விடத்தில் வெறுமண்ணே கிடந்தது. மழை இறங்கிச் சில கிழமைகளுக்குள் கொடி வேலிக் கம்பியைப் பற்றி ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. சிரமதானத்தன்று அதனருகே மண்ணைக் கொத்திய பத்தாந் தரத்து மாணவனொருவன், வெளிப்பட்ட கிழங்கொன்றைக் கையில் ஏந்திவந்து, "சேர், இது வள்ளிக்கிழங்குதானே? அவிச்சுத் தின்னலாமோ?" என்று கேட்டான்.

அவன் கேட்டது நன்றாயிற்று. கேளாமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. ஏனெனில், அவன் கையில் இருந்தது ஓர் ஆளைக் கொல்லப் போதிய நஞ்சு.

இரு வாரங்களின் பின்னர் அக்கொடி பூத்தது. வகுப்பிலிருந்த மாணவர் அனைவரையும் வேலியோரத்துக்கு அழைத்துச் சென்று, "இஃது என்ன கொடி?" என்று வினவினோம். நெடுநேரம் விடை வரவில்லை. இறுதியில் ஒரு மாணவி மாத்திரம் தாழ்ந்த குரலிற் "கார்த்திகைப்பூ" என்றாள். சொல்லிவிட்டுப் பாடசாலை வாயிற்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

ஒருவனுக்குப் பெயர் தெரியவில்லை. ஒருத்திக்குத் தெரிந்தும் அதனை வாய்விட்டுச் சொல்ல அச்சமாயிருந்தது. நமது சொந்த மண்ணில், ஈராயிரம் ஆண்டுகளாக நமது புலவர்கள் பாடிவந்த ஒரு கொடியைப் பற்றி இந்நிலை எவ்வாறு வந்தது? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது, ஒரு செடியை இலை கொண்டும் பூக் கொண்டும் அடையாளங் காண்பது வெறுந் தாவரவியற் பயிற்சியன்று என்பதும், அதற்குள் ஒரு சமுதாய வரலாறே அடங்கியிருக்கிறது என்பதும் நமக்குத் தெளிவாயின. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் கொடியைப் பார்ப்போம். பெயர் தெரியாத செடியை அறிய முற்படுபவன் தன் கண்ணையே முதற் கருவியாகக் கொள்ளவேண்டும். இதன் இலைகளுக்குக் காம்பு இல்லை. தண்டை நேரே தழுவி நிற்கின்றன. நரம்புகள் நெல்லிலையில் உள்ளவைபோல் அடியிலிருந்து நுனிவரை ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. ஆகவே இஃது ஒருவித்திலைத் தாவரம். வேலாயுதம் போற் குறுகிச் செல்லும் இலை, நுனியில் ஒரு பற்றுத்தந்தாகச் சுருண்டுவிடுகிறது. பாகல், பீர்க்கு முதலிய கொடிகளிற் பற்றுத்தந்து கணுவிலிருந்து தனியாகப் புறப்படும். இங்கோ இலையின் நுனியே கையாகி வேலியைப் பற்றுகிறது. அந்த மாணவன் எண்ணிய வள்ளிக் கொடியின் இலையோ அகன்றது, காம்புடையது, பெரிய நரம்புகளுக்கிடையே வலைபோன்ற சிறு நரம்புகளைக் கொண்டது. வள்ளிக் கொடிக்குப் பற்றுத்தந்து இல்லை. தண்டே சுற்றிச் சுற்றி ஏறும். கிழங்கைத் தோண்டுமுன் ஓர் இலையைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தாலே இரண்டையும் வேறு பிரித்திருக்கலாம்.

எனினும், இலைநுனி சுருளும் கொடிகள் வேறும் உண்டு. எனவே பூவையும் பார்க்கவேண்டும். நீண்ட காம்பில் தலைகவிழ்ந்து தொங்கும் இப்பூவில் இதழ்கள் ஆறு. அவை பின்னோக்கி மடிந்து, ஓரம் நெளிந்து, மேல்நோக்கி எரியும் சுவாலைபோல் நிற்கின்றன. கேசரங்கள் ஆறும் நாற்புறமும் விரிந்து கிடக்கின்றன. சூலகத்தின் தம்பம், அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணமாக வளைந்து பக்கவாட்டில் நீள்கிறது. இந்த வளைந்த தம்பத்தை ஒருமுறை கண்டவர் இப்பூவை வேறெதனோடும் மயங்கார். நிறமோ நாளுக்கு நாள் மாறுவது. மொட்டவிழும்போது பசுமை; பின்னர் அடியில் மஞ்சளும் நுனியிற் செம்மையும்; ஈற்றில் முழுவதும் செம்மை. ஒரே கொடியில் ஒரே நாளில் இம்மூன்று நிலைகளையும் நம் மாணவர் எண்ணிக் காட்டினர்.

மண்ணுக்குள் இருப்பது கலப்பை வடிவாக வளைந்து இரு கிளையாகப் பிரியும் கிழங்கு. கோடையிற் கொடி வாடி மடியும். கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். மழை கண்டதும் மீண்டும் முளைக்கும். இதனாலேயே இதனைப் பல்லாண்டுத் தாவரம் என்கிறோம். நட்டவர் இல்லாமலே வேலியோரத்தில் இது தோன்றிய புதிர் இங்கு அவிழ்ந்துவிடுகிறது. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் இவ்வூர் மக்கள் அனைவரும் வீடுவாசலை விட்டு ஓடியபோதும், வீடுகள் தரைமட்டமானபோதும், காணிகள் பற்றைக் காடாகியபோதும் இக்கொடி தன் கிழங்கினால் மண்ணுக்கடியிற் பிழைத்திருந்திருக்கக் கூடும்.

இதுவே காந்தள். கார்த்திகைப்பூ, கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்பனவும் இதன் பெயர்களே. வடமொழியில் லாங்கலி என்பர். லாங்கலம் என்றாற் கலப்பை. சிங்கள மக்கள் இதனை நியங்களா என்று அழைக்கின்றனர். தாவர நூலார் இட்ட பெயர் குளோறியோசா சுப்பர்பா. இப்பெயர்களை ஒருசேர வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். கார்த்திகைப்பூ என்ற பெயர் அது பூக்கும் பருவத்தைச் சொல்கிறது. கலப்பைக் கிழங்கு என்ற பெயர் மண்ணுக்குள் மறைந்திருக்கும் உறுப்பின் வடிவத்தைச் சொல்கிறது. கிழங்கைத் தோண்டிப் பார்த்த ஒருவன், கலப்பையைக் கையாற் பிடித்தறிந்த ஒருவன், இப்பெயரை ஆக்கியிருக்கவேண்டும். நூல் எழுதாத உழவர்கள் தாம் கண்டறிந்ததைப் பெயராக்கித் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சென்றனர். ஒவ்வொரு பெயரும் ஓர் அடையாளக் குறிப்பு. மறக்கவொண்ணாத ஒரு பாடம்.

பழந்தமிழ் இலக்கியத்தில் இவ்வறிவு எத்துணை வளமுற்றிருந்தது என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவ்வரிசையின் தலைப்பூக் காந்தளே. இப்பட்டியலை மனனஞ் செய்வித்துப் புள்ளியிடுவதோடு நம்மிற் பலர் நின்றுவிடுகிறோம். அதனைச் சொல்பவர் யார் என்று கேட்பதில்லை. தினைப்புனங் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் அருவியாடி, மலர் கொய்து, பாறையிற் குவித்ததைத் தோழி எடுத்துரைக்கும் பகுதி அது. கிளியோட்டிப் பயிர் காக்கும் உழைப்பில் ஈடுபட்ட பெண்ணொருத்தியின் வாய்மொழியாகவே கபிலர் இப்பெரும் பட்டியலை அமைத்தார். காட்டையும் புனத்தையும் தம் வாழ்விடமாகக் கொண்ட மக்களிடமிருந்தே புலவன் இப்பெயர்களைக் கற்றான் என்று கொள்வதே பொருந்தும்.

காந்தளுக்கு இலக்கியத்தில் வேறு சிறப்புகளும் உண்டு. வேலன் வெறியாடுதலைத் தொல்காப்பியர் காந்தள் என்னுந் துறையாக வகுத்தார். திருமுருகாற்றுப்படை முருகனுக்குக் காந்தட் கண்ணி சூட்டுகிறது. மகளிர் விரலுக்கும், எரியும் தீக்கும், படமெடுத்த பாம்புக்கும் இப்பூவைப் புலவர்கள் உவமித்தனர். பின்னோக்கி மடிந்து நெளிந்த இதழ்களை நேரிற் பார்த்தவர்களுக்கே இவ்வுவமைகளின் நுட்பம் விளங்கும். பூவைக் காட்டாமல் உவமையை மாத்திரங் கற்பிப்பது, ஊரைக் காட்டாமல் வழியைச் சொல்வது போன்றதாகும்.

இங்கு அறிஞரிடை நெடுங்காலமாக ஒரு சிக்கலும் இருந்துவருகிறது. குறிஞ்சிப்பாட்டிலே காந்தள், கோடல், தோன்றி என மூன்று பெயர்கள் வேறு வேறு இடங்களில் வருகின்றன. பிற்காலத்தாரோ கோடலை வெண்காந்தள் என்றும் தோன்றியைச் செங்காந்தள் என்றும் பொருள் கொண்டனர். மூன்றும் ஒன்றா, வேறா? ஓலையை மாத்திரம் புரட்டி இவ்வினாவுக்கு விடை காண முடியாது. பி. எல். சாமி அவர்கள் சங்கச் செடிகொடிகளைத் தாவரவியல் அறிவோடு ஒப்பிட்டுச் "சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்" என்னும் நூலை எழுதியபோது இத்துறையில் ஒரு புதிய வழி திறந்தது. இலக்கியத்தையும் காட்டையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பதே அவ்வழி. நம் வேலியோரக் கொடியும் இதற்கு ஒரு சிறு சான்று தருகிறது. ஒரு பூவே பசுமையிலிருந்து மஞ்சளுக்கும் செம்மைக்கும் மாறுமாயின், நிறத்தை மாத்திரம் வைத்து இனம் பிரிப்பது எவ்வளவு இடர்ப்பாடானது! பத்தாந் தரத்து மாணவர் தாமே இதைக் கண்டு சொன்னபோது, உரையாசிரியர்களோடு அவர்களும் ஒரு விவாதத்தில் அமர்ந்துவிட்டதாக நமக்குத் தோன்றியது.

ஓலையிலும் நாவிலும் வாழ்ந்த இவ்வறிவு ஐரோப்பிய அச்சுக்கு ஏறியது பதினேழாம் நூற்றாண்டில். ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பெனி இலங்கைக் கரையையும் மலையாளக் கரையையும் பிடித்திருந்த காலம் அது. கம்பெனி தாவரங்களை நேசித்தது அறிவு வேட்கையினால் மாத்திரமன்று. கறுவாவும் மிளகும் அதன் செல்வம். வடபுலத்துச் சாயவேரும் அதன் வருவாய். அவ்வேரைத் தோண்டிக் கொடுப்பது ஏழைக் குடிகள் மேற் சுமத்தப்பட்ட கடமையாயிருந்தது. வன்னியிலிருந்து கம்பெனி கேட்டது யானைத் திறை. ஐரோப்பாவிலிருந்து மருந்தைக் கப்பலேற்றிக் கொணர்வது செலவு மிகுந்தது. ஆகவே உள்ளூர் மூலிகைகளை அறிதலும் அதற்கு இலாபமாயிற்று.

இச்சூழலில் 1670களிற் கம்பெனியின் வைத்தியராக இலங்கைக்கு வந்தவர் பௌல் ஹேர்மன். ஜெர்மானியரான இவர் இங்கே செடிகளைத் திரட்டி உலர்த்தி ஏடுகளில் ஒட்டிவைத்தார்; உள்ளூர்ப் பெயர்களையுங் குறித்துக்கொண்டார். பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் தாவரவியற் பேராசிரியரானார். 1695இல் அவர் இறந்தபின் 1717இல் வெளிவந்த "மியூசியம் செய்லானிக்கும்" என்னும் அவரது பட்டியல், இலங்கைத் தாவரங்களை அவற்றின் சிங்களப் பெயர்களோடு தருகிறது. அப்பெயர்களை அவருக்குச் சொல்லிக் கொடுத்த கிராமத்தவர்களின் பெயர்களை நாம் அறியோம்.

மலையாளக் கரையில் நிலைமை சற்று வேறாயிருந்தது. கொச்சியில் ஆளுநராயிருந்த வான் றீட் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக "ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்" என்னும் பெருநூலை வெளியிடச் செய்தார். அதற்குச் செடிகளைக் காட்டியும் பெயரும் பயனும் உரைத்தும் உதவியவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். சாதியடுக்கிலே தாழ்த்தப்பட்ட ஒரு குடியிற் பிறந்த அவரது சான்றுரை அந்நூலின் முதற் றொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. ஏழாந் தொகுதியில் நமது காந்தள் படத்தோடு இடம்பெறுகிறது. அங்கு அதன் பெயர் மெந்தோனி. மலையாள மக்கள் இன்றும் மேந்தோன்னி என்றே அழைக்கின்றனர். அச்சொல்லில் நமது பழந்தமிழ்த் தோன்றியின் எதிரொலியைக் கேட்கிறோம் என்பது நம் கருத்து.

இம்மலையாளப் பெயரிலிருந்தே மெத்தோனிக்கா என்னும் லத்தீன் வடிவத்தை ஐரோப்பியர் ஆக்கினர். ஹேர்மன் 1687இல் வெளியிட்ட லெய்டன் தோட்டத்துப் பட்டியலில் இக்கொடி "மலபார் மக்களின் மெத்தோனிக்கா" எனக் குறிக்கப்பட்டது. பத்தாண்டுகளின் பின் அம்ஸ்ரடாம் தோட்டத்தைப் பற்றிய கொமெலினின் நூல் இதனை "இலங்கையின் செருக்கு மிகு லில்லி" என்று பெயரிட்டது. ஒரு பெயர் மலபார் மக்களை நினைவூட்டியது; மற்றது இலங்கையை நினைவூட்டியது.

அதன்பின் வந்தார் சுவீடன் நாட்டு லினேயஸ். ஹேர்மனின் உலர்செடி ஏடுகள் பல கை மாறி, கோப்பன்கேகனில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் இருந்தன. 1740களில் அவை லினேயசுக்கு ஆய்வுக்காக அனுப்பப்பட்டன. அவற்றை ஆராய்ந்து 1747இல் "புளோரா செய்லானிக்கா" என்னும் இலங்கைத் தாவர நூலை அவர் வெளியிட்டார். இலங்கையை அவர் கண்ணாற் கண்டதில்லை. கேசரங்களை எண்ணி வகுப்புப் பிரிப்பது அவர் முறை. கேசரம் ஆறு, தம்பம் ஒன்று என்ற கணக்கில் நமது கொடிக்கும் ஓர் இடங் கிடைத்தது. நம் மாணவர் வேலியோரத்தில் எண்ணியதும் அதே ஆறுதான். ஆனால், பெயர் சூட்டுவதில் லினேயஸ் ஒரு விதி வகுத்திருந்தார். கிரேக்கமோ லத்தீனோ அல்லாத மொழிகளிற் பிறந்த பேரினப் பெயர்கள் தள்ளத்தக்கன என்று 1737இலேயே அவர் எழுதினார். அவ்விதியின் முன் மெத்தோனிக்கா நிற்க முடியவில்லை. 1753ஆம் ஆண்டின் "ஸ்பீசிஸ் பிளாந்தாரும்" என்னும் நூலில் இக்கொடி குளோறியோசா சுப்பர்பா ஆயிற்று. 'புகழ் மிக்கது, செருக்கு மிக்கது' என்பது பொருள். பழைய பெயர்களிலிருந்த மலபார் மக்களும் இலங்கையும் மறைந்தனர். செருக்கு மாத்திரம் எஞ்சியது.

இதனைச் சொல்வதால் லினேயசின் பணியை நாம் சிறுமைப்படுத்துகிறோம் என்று எவரும் எண்ணலாகாது. ஒரு செடிக்கு உலகெங்கும் ஒரே பெயர் என்னும் ஏற்பாடு மனிதகுலத்தின் பெருஞ் சாதனைகளுள் ஒன்று. கிளிநொச்சியில் ஒரு பிள்ளை எந்தக் கிழங்கைத் தின்றது என்று கொழும்பிலுள்ள வைத்தியருக்குச் சொல்லவேண்டுமாயின் இப்பெயர் உயிர் காக்கும். நாம் சுட்டிக்காட்டுவது வேறு. அறிவைத் திரட்டியவர்கள் பலர். அதன்மேற் பெயர் பொறித்தவர்கள் சிலர். ஹேர்மனின் ஏடுகளை 1793இல் ஜோசப் பாங்ஸ் விலைக்கு வாங்கினார். அவை இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. செடி பிறந்த மண்ணின் மாணவனுக்கும் அவ்வேட்டுக்குமிடையே கடலும் மொழியும் பணமும் குறுக்கிட்டு நின்றன.

பிரித்தானியர் காலத்திலும் இந்த இடைவெளி மூடவில்லை. 1821இற் பேராதனைத் தோட்டம் நிறுவப்பட்டது. 1824இல் அலெக்சாந்தர் மூன் இலங்கைத் தாவரப் பட்டியலொன்றை வெளியிட்டார். 1893இல் தொடங்கி ஐந்து பகுதிகளாக வெளிவந்த ஹென்றி திறைமனின் இலங்கைத் தாவர நூல் இன்றும் போற்றத்தக்க ஆக்கம். 1896இல் அவர் இறந்தபின் ஹூக்கர் அதனை 1900இல் முடித்து வைத்தார். திறைமன் பல செடிகளுக்குத் தமிழ்ப் பெயரையும் குறித்தார். ஆனால் அப்பெயர்கள் ஆங்கில எழுத்திலேயே அச்சாயின. தமிழனின் சொல், தமிழன் படிக்க முடியாத நூலுக்குள்ளே குடியேறியது. நம் மொழியில் விஞ்ஞானம் சொல்ல இயலாது என்று வாதிட்டவர்களுக்கு அதற்கு முன்பே விடை கிடைத்திருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், 1860களில் மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; 1872இல் உடற்கூற்று நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். அவர் காட்டிய வழியிற் செடிநூலும் தமிழில் வளர்ந்திருந்தால், நம் வேலியோரத்தில் அன்று நிலவிய அமைதி நேர்ந்திராது.

இனி நஞ்சின் கதை. காந்தளின் எல்லா உறுப்புகளிலும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கொல்சிசின் என்னும் பொருள் உண்டு. பிரெஞ்சு இரசாயனவறிஞர் பெல்லெற்றியேயும் கவெந்துவும் 1820இல் ஐரோப்பியச் செடியொன்றிலிருந்து இதனை முதலிற் பிரித்தெடுத்தனர். 1915இற் காந்தட் கிழங்கிலும் இது உள்ளமை உறுதியாயிற்று. உண்டவனுக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றோட்டமும் உண்டாகும். பிழைத்தாலும் சில நாட்களில் எலும்பு மச்சை பழுதுற்றுக் குருதியணுக்கள் குறையும், தலைமயிர் உதிரும். இலங்கையின் மருத்துவ ஏடுகளில் இக்கிழங்கால் இறந்தோர் பற்றிய குறிப்புகள் நெடுங்காலமாக வருகின்றன. உண்ணுங் கிழங்கென மயங்கி உண்டவர்களும் அவர்களுள் உளர். துயரந் தாளாது தெரிந்தே உண்டவர்களும் உளர். நம் ஊர்ப் பரியாரியார்கள் இதன் கொடுமையை அறிந்து, சுத்தி செய்யாது கையாள்வதைக் கடிந்தனர்.

அதே நஞ்சு, அளவறிந்த வைத்தியரின் கையில் மருந்து. மூட்டுகளை வீங்கச் செய்து வாட்டும் கௌற் என்னும் நோய்க்கு உலகெங்கும் கொல்சிசின் கொடுக்கப்படுகிறது. இதற்காகவே தமிழ்நாட்டில் தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் முதலிய பகுதிகளிற் கண்வலிக் கிழங்கு பயிராகிறது. அங்கு விதைக்காகப் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையால் தொட்டு வைப்பர். விதைகள் அந்நிய நாட்டு மருந்தாலைகளுக்குச் செல்கின்றன. வெயிலேறுமுன் வயலில் இறங்கிப் பூப்பூவாகத் தொடும் கூலித் தொழிலாளியின் விரலுக்கும், மருந்துக் குப்பியின் விலைக்கும் இடையிலுள்ள தொலைவை வாசகர்களே அளந்துகொள்ளட்டும்.

இத்துணை வரலாறுடைய கொடியின் பெயரைச் சொல்ல ஒரு மாணவி அஞ்சியது ஏன்? 2009இல் முடிந்த போருக்கு முந்திய ஆண்டுகளில் விடுதலைப் புலிகள் அமைப்பினர் கார்த்திகைப்பூவைத் தமது தேசியப் பூவாகக் கொண்டனர். போர் முடிந்தபின் இப்பூவே ஐயத்துக்குரிய பொருளாயிற்று. 2024 மார்ச்சில் யாழ்ப்பாண மாவட்டத்துப் பாடசாலையொன்றின் விளையாட்டுப் போட்டியில் இப்பூவின் வடிவம் அலங்காரத்தில் இடம்பெற்றது குறித்து மாணவர்கள் பொலிஸ் விசாரணைக்கு அழைக்கப்பட்டனர். அச்செய்தி வன்னியின் ஒவ்வொரு வகுப்பறைக்கும் எட்டியது.

ஆனால் பூவின் வரலாறு ஓர் இயக்கத்தோடு தொடங்குவதுமில்லை, முடிவதுமில்லை. இதே பூத் தமிழ்நாட்டின் மாநில மலர். ஆபிரிக்காவிலும் இக்கொடி இயல்பாக வளர்கிறது. வெள்ளைக் குடியேறிகள் ஆண்ட ரொடீசியாவில் இது சின்னமாயிருந்தது. 1947இல் அங்கு சென்ற பிரித்தானிய இளவரசி எலிசபெத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளின் காசு திரட்டி இப்பூவின் வடிவில் வைர அணியொன்று அளித்தனர். அவ்வாட்சி ஒழிந்து 1980இற் சிம்பாப்வே பிறந்தபின், விடுதலை பெற்ற மக்களும் இதே பூவைத் தமது தேசிய மலராகக் கொண்டனர். ஆண்டவனும் ஆளப்பட்டவனும் ஒரே பூவைத் தனதென்றனர். மழை பெய்தாற் பூப்பது மாத்திரமே அதற்குத் தெரியும். அதனை யார் எக்கொடியில் வரைந்தனர் என்பதற்காக, ஒரு பிள்ளை தன் முற்றத்துச் செடியின் பெயரை விழுங்கவேண்டிய நிலை எந்தச் சமுதாயத்துக்கும் பெருமை தராது. அச்சத்தால் மறக்கப்பட்ட பெயர், அறியாமையால் மறந்த பெயரைப் போலவே ஆளைக் கொல்லவும் கூடும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது இதனினும் ஆழமானது. செடியறிவு நூலால் மாத்திரம் வருவதன்று, காட்டுவார் வேண்டும். பாட்டி காட்ட, தாய் காட்ட, மாடு மேய்க்கச் சென்ற அண்ணன் காட்டப் பிள்ளை அறியும். வன்னி மக்களின் இச்சங்கிலி அறுந்தது. காட்டவேண்டிய முதியோர் பலர் போரில் மாண்டனர், எஞ்சியோர் சிதறினர். செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிகளுக்கிடையே 2012 வரை பிள்ளைகள் இருந்தனர். அங்கு உயிர்வேலியும் இல்லை, காடும் இல்லை. அங்கிருந்து மீண்டு வந்தவர்களே இன்று நம் மாணவர்களின் தாய் தந்தையர். தாம் காட்டப்படாததை அவர்கள் எவ்வாறு காட்டுவர்?

எனவே அறுந்த சங்கிலியை மீண்டும் இணைக்கும் பொறுப்பிற் பெரும்பங்கு ஆசிரியர்கள் மேல் விழுந்திருக்கிறது. இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு பழைய பேரேடு போதும். நம் மாணவர் இப்போது பாடசாலையைச் சுற்றி முளைக்கும் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குகின்றனர். இலை எவ்வாறு, நரம்பு எவ்வாறு, பூவிதழ் எத்தனை, கேசரம் எத்தனை, எம்மாதம் பூக்கிறது, உண்ணத் தக்கதா, நஞ்சா என்பவற்றை எழுதுகின்றனர். பின்னர் வீட்டுக்குச் சென்று முதியோரிடம் பெயர் கேட்கின்றனர். மலையகத்திலிருந்து வன்னியிற் குடியேறிய குடும்பங்கள் ஒரு பெயர் சொல்கின்றன. முல்லைத்தீவு முஸ்லிம் மக்கள் ஒரு பெயர் சொல்கின்றனர். வவுனியாவின் சிங்களக் கிராமத்தவர் ஒரு பெயர் சொல்வர். எல்லாவற்றையும் எழுதுங்கள், சொன்னவரின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள் என்று கூறியிருக்கிறோம். ஹேர்மன் செய்யத் தவறியதை நம் பிள்ளைகளாவது செய்யட்டும்.

வேலியோரத்துக் கொடியை நாம் பிடுங்கவில்லை. அதனருகே ஒரு சிறு பலகை நாட்டியிருக்கிறோம். காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக் கிழங்கு, நியங்களா, குளோறியோசா சுப்பர்பா என்னும் பெயர்கள் அதில் வரிசையாக உள்ளன. அவற்றின் கீழே சிவப்பு மையில் "கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு, வாயில் வைக்காதீர்" என்று எழுதப்பட்டிருக்கிறது. பெயர்களை எழுதியவள், அன்று வாயிலைத் திரும்பிப் பார்த்த மாணவி. சிவப்பெழுத்தை எழுதியவன், கிழங்கை அவிக்கலாமோ என்று கேட்டவன்.

ஒவ்வொரு பாடசாலை வேலியோரத்திலும் இத்தகைய பலகைகள் எழட்டும். மக்கள் ஆக்கிய அறிவு மக்களிடமே மீளட்டும். நம் பிள்ளைகள் தம் மண்ணில் முளைப்பதைக் கண்ணால் ஆராய்ந்து, அச்சமின்றிப் பெயர் சொல்லி அழைக்கும் நாள் விரைவில் வருமாக.